விடியாத புதன்கிழமை

பிறக்காதவர்களைப் பிறக்க வைப்பது இரண்டு வருடமாக என் பிழைப்பு. திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கல்யாணத் தகவல் மையங்களுக்கு மென்பொருள் செய்து விற்கிறோம். வரன்களின் விவரங்களை உள்ளே போட்டால், எந்தப் பெண்ணுக்கு எந்தப் பையன் பொருந்துவான் என்று அது வரிசைப்படுத்திக் காட்டும். அதில் ஜாதகப் பகுதி என்னுடையது. ஜாதகத்தில் நம்பிக்கை உண்டா என்று நேர்முகத் தேர்வில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வேலை கிடைத்திருக்காது.

புரோகிராமில் எண், எழுத்து, தேதி என்று பொதுவான வகைகள் உண்டு. டைப் என்று சொல்வோம். பொது வகைகள் சத்திரம் மாதிரி, யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடும். நட்சத்திரம் கேட்கிற இடத்தில் ‘சாம்பார்’ என்று அடித்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் நாங்களே ஒரு டைப் செய்தோம். ‘ஜனனம்’ என்று பெயர் வைத்தேன். பிறந்த தேதி, நேரம், ஊர், நட்சத்திரம் நான்கையும் அது கேட்கும். தேதியையும் நேரத்தையும் வைத்து அப்போது சந்திரன் எங்கே இருந்தது என்று தானே கணக்குப் போடும். கணக்கில் வந்த நட்சத்திரமும் நாம் கொடுத்த நட்சத்திரமும் ஒன்றாக இருந்தால்தான் அந்த ஆள் உருவாவார். இல்லாவிட்டால் சிவப்பில் ஒரு வரி வரும், ஆள் வரமாட்டார்.

இவ்வளவு கறாரான டைப்பைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் ஏராளமாக வேண்டும். நிஜ ஆட்களின் விவரத்தை வைத்து விளையாடக் கூடாது என்பது ஆபீஸ் விதி. எனவே பொய் ஆட்களை மனம்போனபடி உண்டாக்கித் தள்ளுகிற ஒரு சின்ன நிரலை எழுதினேன். அதற்கும் ஜெனரேட்டர் என்றுதான் பெயர், கரண்ட் போனால் ஓடுவது அல்ல. முதலில் தேதி ஒன்று, நேரம் ஒன்று, நட்சத்திரம் ஒன்று என்று தனித்தனியாகக் குருட்டாம்போக்கில் எடுக்கச் சொன்னேன். நட்சத்திரம் இருபத்தேழு. இருபத்தேழு பேரில் ஒருவர் தேறினாலே அதிர்ஷ்டம். மற்றவர்களை டைப் வாசலிலேயே திருப்பி அனுப்பியது. சோதனை ஓடி முடிவதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் டீம் லீடர் மலையாளி. என்னோடு தமிழ் பேசுவதாக அவருக்கு ஒரு எண்ணம். திரை முழுக்கச் சிவப்பைப் பார்த்துவிட்டு, “இது எந்தா, ஆளுங்களை உண்டாக்குறதா கொல்லுறதா?” என்றார்.

பிறகு வழியை மாற்றினேன். தேதியையும் நேரத்தையும் மட்டும் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொண்டு, நட்சத்திரத்தை டைப் போடுகிற அதே கணக்கிடம் கேட்டு வாங்கிப் பொருத்தினேன். இப்போது எல்லோரும் தேறினார்கள். ஆயிரம் ஆயிரமாகப் பெண்களும் பையன்களும், எல்லா மாதத்திலும் எல்லா மணியிலும் பிறந்து, ஒருவர்கூடத் தவறாமல் உள்ளே போனார்கள். “கொள்ளாம், எல்லாம் பச்சை ஆயல்லோ” என்று லீடர் மகிழ்ந்தார். கேள்வித்தாள் தயாரித்தவரே பரீட்சையும் எழுதினால் இப்படித்தான் வரும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதை அன்றைக்கு அதற்கு மேல் நோண்டவில்லை.

புது டைப் எதைச் செய்தாலும் என்னையும் ஒருமுறை அதில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். என் தேதி, காலை மூன்றேகால், திருவனந்தபுரம், ஆயில்யம். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. நானே செய்த டைப்பும் நான் ஆயில்யம் என்று சொல்லிவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது.

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். ஆகாது என்றால் மாமியார் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று அர்த்தம். எனக்கு வயது முப்பத்தொன்று. ஏழு வருடமாக என் ஜாதகத்தைப் பார்க்கிற பையன் வீட்டார் முதலில் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் பையனின் அம்மாவைப் பார்க்கிறார்கள். அம்மா திடகாத்திரமாக இருந்தால் ஜாதகம் திரும்பி வந்துவிடும். “தாயார் இல்லாத பையனாப் பார்க்கலாம்” என்று புரோக்கர் மாமா ஒருமுறை சொன்னார். அன்றைக்கு அவருக்கு எங்கள் வீட்டில் காப்பி கிடைக்கவில்லை. வலியசாலை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான், அப்பா தவறிவிட்டார். மாதாமாதம் ஆயில்யத்தன்று அம்மா நாகர் சன்னதிக்குப் பாலும் மஞ்சள் பொடியும் எடுத்துக்கொண்டு போவாள். என்னையும் கூப்பிடுவாள். ஆபீஸ் இருக்கிறது என்பேன்.

போன வருடம் ஒரு வரன் கூடிவருகிற மாதிரி இருந்தது. நாகர்கோவில்காரர். இங்கே ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார், தினமும் ரயிலில் வந்துபோகிறவர். என் ஜாதகத்தைப் பார்த்த அவர்களுடைய ஜோசியர், பாதத்தை வைத்துப் பார்த்தால் பெரிய தோஷம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். வந்து பார்த்தார்கள். பையனின் அம்மாவுக்குப் பொன்முடி மலை பார்க்கவேண்டும் என்று ஆசை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்து இரண்டு குடும்பமும் கிளம்பினோம். வழியில் விதுராவில் டீ. கல்லாறில் இறங்கி, பெரியவர்கள் கரையோரக் கடையில் பஜ்ஜிக்கு நின்றபோது நாங்கள் இருவரும் பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டோம். என் வேலை என்ன என்று கேட்டார். பொய் ஆட்களை உண்டாக்குவது என்றேன்.

“அப்போ என்னை மாதிரி ஒருத்தரைப் பண்ணிக் குடுங்கோ. திங்கக்கிழமை ஆபீஸுக்கு அனுப்பிட்டு நான் தூங்கறேன்” என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வேனில் திரும்பும்போது பின் சீட்டில் அவர் தூங்கிவிட்டார், நான் அவர் தூங்குவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் புரோக்கர் மாமா வந்தார். பையனின் அம்மா வேறொரு ஜோசியரிடம் காட்டினாளாம், ஆயில்யம் வேண்டவே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். சாயந்தரம் நாகர்கோவில்காரரே எனக்குச் செய்தி அனுப்பினார். “ரொம்ப வருத்தமா இருக்கு. அம்மாவை மீற முடியலை. உங்க மேல ஒரு குறையும் இல்லை, நட்சத்திரம்தான்.”

அந்தக் கடைசி வரியை மனப்பாடமாகும்வரை படித்தேன். கோபம் வந்தது, ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு ஆறுதலும் இருந்தது. அவர் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றது ஆயில்யத்தை. நடுவில் அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் நாகர்கோவிலில் இருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் ஒரு வருடம் ஓடிவிட்டது.

ஜனனம் டைப்பை முதலில் வாங்கியது சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு தகவல் மையம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு வரன் பார்க்கிற இடம். நடத்துகிற அம்மாளுக்குக் குரல் கொஞ்சம் பெரிது. ஏற்கெனவே கையிலிருந்த வரன்களை எங்கள் மென்பொருளுக்கு மாற்றிய மறுநாளே போன் செய்தாள்.

“என்ன மோளே, உங்க மெஷின் சொல்லுறதப் பாத்தா எனக்க பிள்ளைங்க நெறையப் பேரு பொறக்கவே இல்லையாமே? நல்ல ஜோசியன் கணிச்ச ஜாதகமாக்கும். நட்சத்திரம் தப்புன்னா நான் எந்த மொகத்த வச்சு அவங்களக் கூப்பிட்டுச் சொல்ல?”

அவளுடைய இடத்துக்கே போய்ப் பார்த்தேன். டைப் நிராகரித்த வரன்களை வரிசையாகத் திறந்து பார்த்ததில் ஒரு ஒற்றுமை கண்ணில் பட்டது. அத்தனை பேரும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே பிறந்தவர்கள். ஒன்றரை மணி, மூன்று மணி, நாலே முக்கால். ஒவ்வொருவருக்கும் தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரம் பொருந்தி, ஆள் உருவாகிவிட்டார். அந்த அம்மாளிடம் காரணம் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“செவ்வாய் ராத்திரி மூணு மணிக்குப் பொறந்தா வீட்டுல செவ்வாய்க்கிழமைத் தேதிதானே சொல்லுவாங்க? விடியல்லியே.”

விஷயம் அவ்வளவுதான். கடிகாரத்துக்கு நடுராத்திரியில் நாள் மாறுகிறது, எங்கள் ஆட்களுக்கு விடிந்தால்தான் மாறுகிறது. ஜோசியருக்கு இது தெரியும், அவர் சூரிய உதயத்திலிருந்து கணக்கெடுத்து நட்சத்திரத்தைச் சரியாகக் கணித்துவிடுகிறார். வீட்டார் இங்கிலீஷ் தேதி எழுதும்போதுதான் முந்தின நாள் தேதியை எழுதிவிடுகிறார்கள். நட்சத்திரம் சரி, தேதி தப்பு. டைப்போ தேதியை நம்பி, நட்சத்திரத்தைத் தப்பு என்றது. என் ஜெனரேட்டரும் இந்த வேளைகளில் ஆட்களைப் பிறக்க வைத்திருந்தது, நூற்றுக்கணக்கில். ஆனால் அந்தப் பொய் ஆட்களுக்குத் தேதி சொல்ல அம்மாவோ அப்பாவோ கிடையாது. அதனால் எல்லோருடைய தேதியும் சரியாக இருந்தது.

ஆபீஸுக்கு நடந்து வருகிற வழியில், மேம்பாலத்துக்கு அடியில் நின்றுவிட்டேன். நான் பிறந்தது காலை மூன்றேகால். செவ்வாய்க்கிழமை என்று வீட்டில் சொல்வார்கள்.

என் ஜாதகத்தைக் கணித்தது ஜோசியர் அல்ல. அப்பாவுக்குப் புதுமை பிடிக்கும். கம்ப்யூட்டர் ஜாதகம் இந்த ஊரில் தலைகாட்டிய காலம், அப்பா நேராக அங்கே போய்த் தேதியும் நேரமும் கொடுத்து அச்சடித்து வாங்கி வந்துவிட்டார். அப்பா கொடுத்த தேதி தப்பாக இருந்தால் அந்த மெஷின் போட்ட நட்சத்திரமும் தப்பு. ஆனால் இரண்டு தப்பும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தும். அதனால்தான் என் டைப் என்னை முணுமுணுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. சரியான நட்சத்திரம் உள்ளவர்களை வெளியே தள்ளிவிட்டு, தப்பான என்னை உள்ளே விட்டிருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். அவள் சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் பொறந்தது செவ்வாய்க்கிழமை கார்த்தாலயா, ராத்திரியா?”

“ராத்திரிதான். சாயந்தரம் வெளக்கேத்தினப்போ வலி எடுத்தது. உங்கப்பா ஆட்டோ பிடிச்சுண்டு வந்தார். ராத்திரி பூராப் படுத்தி, மூணே காலுக்கு நீ பொறந்தாய். என்னத்துக்குடீ இப்போ?”

“சாயந்தரம் வெளக்கேத்தினது செவ்வாயா?”

“செவ்வாய்தான். அன்னிக்கு ராகு கால பூஜை பண்ணிட்டு வந்து படுத்தவளாக்கும் நான். நன்னா ஞாபகம் இருக்கு.”

“அப்போ மூணே காலுக்கு புதன்கிழமைம்மா.”

“விடியாம எப்படிடீ புதன் ஆகும்?”

நான் லேப்டாப்பைத் திறந்து தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டேன். ஆயில்யம் போய் மகம் வந்தது. கடக ராசி போய்ச் சிம்மம் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கையில் கத்தி அப்படியே இருந்தது.

“அப்போ இத்தனை வருஷமா நாகருக்கு நான் விட்ட பால்?”

“வேற எந்த ஆயில்யத்துக்காவது போய்ச் சேர்ந்திருக்கும்.”

அம்மா முதலில் அப்பாவைத் திட்டினாள். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரனைத் திட்டினாள். அதற்கப்புறம் அழுதாள், அழுகையோடேயே சிரித்தாள். “மகமா? என் பொண்ணு மகமா? கேட்டியா, அவாத்துல ஒடனே சொல்லணும். அந்தப் பையனுக்கு இன்னும் ஆகலைன்னு போன வாரம்கூடப் புரோக்கர் சொன்னாரே.” அவளைத் தடுத்து நிறுத்தினேன். புரோக்கர் வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன். இந்த விஷயத்தில் எனக்கு அவளைவிட அவசரம் என்பதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவள் அன்றைக்கு ஒரு நட்சத்திரத்துக்காக இப்படிப் பரபரப்பது எனக்கே கேலியாக இருந்தது. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஆபீஸில் டைப்பைத் திருத்துகிற வேலை. விடியலுக்கு முன் பிறந்தவராக இருந்தால், ‘முந்தின நாள் ராத்திரியா?’ என்று ஒரு கேள்வி கேட்கும்படி செய்தேன். ஜெனரேட்டரிலும் கொஞ்சம் பேரை வேண்டுமென்றே முந்தின நாள் தேதி சொல்கிறவர்களாகப் பிறக்க வைத்தேன். லீடருக்குக் கதையைச் சொன்னபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “என்ட அம்மயும் இப்படித் தன்னே சொல்லும். இத்தனை நாள் நமக்குத் தோணலையே!” என்றார். அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனதும், எங்கள் மென்பொருளிலேயே என் மகத்தையும் நாகர்கோவில்காரரின் திருவோணத்தையும் போட்டுப் பொருத்தம் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தேன்.

உடனே எடுத்தார். யாரென்று சொல்லவேண்டியிருக்கவில்லை, என் நம்பர் அவரிடம் இன்னும் இருந்தது. அதுவே எனக்குத் தைரியம் தந்தது. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ராத்திரி, விடியல், அப்பா, கம்ப்யூட்டர் ஜாதகம் எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இடையில் ஒருமுறை சிரித்தார், கல்லாறில் சிரித்த மாதிரியே.

“அதனால நான் ஆயில்யம் இல்லை. மகம்” என்று முடித்தேன்.

“அட, நல்ல விஷயமாச்சே” என்றார். நிஜமான சந்தோஷம் குரலில் இருந்தது. நான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் யாரோ பைல் கேட்கிற சத்தமும் அவர் “இதோ வரேன்” என்பதும் கேட்டது. பிறகு அவர் என்னிடம் சொன்னார்:

“இனிமே உங்களுக்கு ஈஸியா ஒரு நல்ல எடம் அமைஞ்சுடும்.”

தேங்க்ஸ் என்று சொன்னேன். அம்மாவை விசாரித்தார், நான் அவருடைய அம்மாவை விசாரித்தேன், வைத்துவிட்டோம். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. மனுஷர் மனதைப் புண்படுத்தாமல் சொல்ல ஒரு வழி கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டார். ஜாதகத்தைப் பார்த்த பிறகுதானே பெண் பார்க்கவே வந்தார்கள் என்பதை ஒரு வருடமாக நான் ஏன் யோசிக்கவில்லை என்று இப்போது யோசித்தேன். யோசிக்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். கல்லாறில் பாறைமேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, பேசி, வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறார். படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கீழே டைல்ஸ் அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மிச்சச் சோதனைகளை ஓட்டினேன். எல்லாம் பச்சையாக வந்தது.

சாயந்தரம் வீட்டு வாசலுக்கே சேமியாப் பாயசத்தின் வாசனை வந்தது. அம்மா புதுப்புடவை கட்டியிருந்தாள். செருப்பைக் கழற்றவிடாமல் கேட்டாள்.

“பேசினாயா? என்ன சொன்னார்?”

அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முகத்திடம் ‘அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் திரையில் பார்த்து, பொருட்படுத்தாமல் விட்ட பொருத்தம் ஞாபகம் வந்தது.

“ராசி மாறிடுத்தோல்லியோம்மா. நான் சிம்மம், அவர் மகரம். ஆறு-எட்டு ஆயிடுத்தாம். ஆகவே ஆகாதாம்.”

“யாரு சொன்னா?”

“அவாத்து ஜோசியர்.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் விரலை மடக்கி ராசிகளை எண்ணிப் பார்த்தாள். சிம்மம், கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு, மகரம். ஆறு சரியாக வந்தது. பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சோடு அவள் தோள் தளர்ந்து இறங்குவதைப் பார்த்தேன். போன வருடம் அந்தச் செய்தியைப் படித்தபோது நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

“அந்தப் பையன் என்ன சொல்லறார்?”

“அவருக்கு ரொம்ப வருத்தம்மா.”

“பாவம்” என்றாள் அம்மா. “நல்ல பையன்.”